நோயாளி வளர்ந்துவிட்டார்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் புகை, மது, கஞ்சாவும்

(புதுச்சேரியின் சாரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைச் சொன்னபோது அமைப்பாளர்களில் ஒருவர் சற்றுத் தயங்கினார். “நுரையீரல் நோயைப் பற்றிப் பேசுங்கள், இல்லாவிட்டால் குடியைப் பற்றிப் பேசுங்கள். பிறவியிலேயே நுரையீரல் கெட்ட பிள்ளை எங்காவது சிகரெட் பிடிக்குமா, குடிக்குமா?” என்று கேட்டார். அவர் நல்ல மனிதர். அவர் கேட்ட கேள்விக்குள் இருக்கும் நம்பிக்கையைத்தான் இன்று நான் மறுக்க வந்திருக்கிறேன். பிடிக்கிறார்கள், குடிக்கிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளிடம் கேட்டறிந்து 1987லேயே இதை எழுதிவிட்டார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைகள் இன்று வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். நம் மருத்துவ அறையோ அவர்களை இன்னும் அம்மாவின் பக்கத்து நாற்காலியிலேயே உட்காரவைத்திருக்கிறது. அவர்களுடைய புகையும் மதுவும் நமக்குத் தெரியாமல் போவது அதனால்தான். நோயின் பெயர் நீளமானது, இனிச் சி.எஃப். என்றே சொல்கிறேன்.

1. இது நம் ஊர் நோயும்தான்

ஏழாவது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு பழுதாவதால் சி.எஃப். வருகிறது. 1989இல் டொராண்டோவில் லாப்-சீ சூய், ஜான் ரியார்டன் ஆகியோரும் மிச்சிகனில் பிரான்சிஸ் காலின்ஸும் சேர்ந்து அதைக் கண்டுபிடித்தார்கள். உயிரணுவின் சவ்வில் குளோரைடு உப்பு போய்வரும் வாயில் ஒன்றை அந்த மரபணு உருவாக்குகிறது. வாயில் பழுதானால் உப்போடு போகவேண்டிய நீரும் போகாது, சளி பிசினாகிறது. மூச்சுக்குழாய் அடைத்துக் கிருமி தங்குகிறது, கணையத்தின் குழாய் அடைத்து உணவு செரிக்காமல் போகிறது. வியர்வையில் மட்டும் கதை தலைகீழ்: உப்பு உடலுக்குத் திரும்பாமல் வெளியேறிவிடுகிறது. 1948 கோடையில் நியூயார்க்கில் கடும் வெப்பம் வீசியபோது சுருண்டு விழுந்த குழந்தைகளில் சி.எஃப். குழந்தைகள் கணிசமாக இருந்ததைக் கவனித்த பால் டி சான்ட் ஆக்னீஸ் அதிலிருந்துதான் வியர்வைச் சோதனைக்கு வழி திறந்தார். நியூயார்க்கில் அது அபூர்வமான வெயில். புதுச்சேரியில் அதை அக்கினி நட்சத்திரம் என்கிறோம், ஆண்டுதோறும் வருகிறது.

இது வெள்ளைக்காரர்களின் நோய் என்று நம் மருத்துவர்களில் பலர் நெடுங்காலம் நம்பினார்கள். டெல்லி எய்ம்ஸில் எஸ்.கே. காப்ரா குழுவினர் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் அந்த எண்ணத்தை அசைத்தார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வாழும் இந்திய வம்சாவளியினரைக் கொண்டு போட்ட கணக்குகள் 10,000 பிறப்புக்கு ஒன்று முதல் 40,000 பிறப்புக்கு ஒன்று வரை சொல்கின்றன. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் நம் நாட்டில் ஆண்டுக்கு ஐந்நூறு குழந்தைகளுக்கு மேல் வரும். அவர்களில் பலர் காசநோய், ஆஸ்துமா, சத்துக் குறைவு என்ற பெயர்களுக்குள் காணாமல் போகிறார்கள். சளியில் கிருமி தென்படாமலே காசநோய் மாத்திரையை இரண்டு முறை முழுக்கச் சாப்பிட்டு முடித்த பிள்ளையைப் பார்த்தால் வியர்வைச் சோதனை ஒன்று எடுத்துப் பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வது என் வழக்கம்.

நியூயார்க்கில் டோரத்தி ஆண்டர்சன் 1938இல் இந்த நோயை விவரித்தபோது அது சிசுக்களின் நோய். 1950களில் பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டியவர்கள் அரிது. இன்று அமெரிக்காவில் இந்த நோயோடு வாழ்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெரியவர்கள். நம்மிடமும் கல்லூரிக்குப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் அவர்களைப் பார்ப்பவர் பெரும்பாலும் குழந்தை மருத்துவர்தான்.

2. முதலில் பிறர் விடும் புகை

பிள்ளை சிகரெட் பிடிக்கிறதா என்று கேட்பதற்கு முன் வீட்டில் யார் பிடிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். புரூஸ் ரூபின் 1990இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சி.எஃப். குழந்தைகள் இரண்டு வாரக் கோடை முகாமுக்குப் போனார்கள். முகாமில் புகை இல்லை. புகைப்பவர் இருக்கும் வீடுகளிலிருந்து வந்த குழந்தைகள், குறிப்பாகப் பெண் குழந்தைகள், அந்த இரண்டு வாரத்தில் மற்றவர்களைவிட அதிகமாக எடை கூடினார்கள். வீட்டின் புகை அவர்களுடைய எடையைத் தின்றுகொண்டிருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் புகைக்கு உட்பட்ட நோயாளிகளின் மூச்சுத்திறன் குறைவாக இருந்தது.

2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் 38.7 விழுக்காட்டினர் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிக்கிறார்கள். “நான் வெளியதான் டாக்டர் பிடிக்கிறேன், வீட்டுக்குள்ள கெடையாது” என்பார் அப்பா. வெளியே என்றால் வாசற்படி. கூடவே நம் வீடுகளில் நல்ல புகை என்று ஒன்று உண்டு. குளிப்பாட்டிய குழந்தையின் தலையைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்துகிறோம், இரவில் கொசுவத்தி, வெள்ளிக்கிழமை தூபம், மார்கழியின் கடைசி நாளில் போகி. பீடியை நிறுத்தச் சொன்னால் குற்ற உணர்வோடு தலையாட்டும் குடும்பம், சாம்பிராணியை நிறுத்தச் சொன்னால் என்னைப் பார்க்கும் பார்வையே வேறு. பாட்டிகளிடம் நான் தோற்றுத்தான் போயிருக்கிறேன்.

இதில் மருத்துவ மாணவர்கள் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. கனடாவின் ஆந்த்ரே கான்டின் குழு 2006இல் காட்டியது இது: சி.எஃப். இல்லாத மனிதரிடமும் சிகரெட் புகை அதே குளோரைடு வாயிலின் வேலையைக் குறைக்கிறது. பின்னர் அலபாமாப் பல்கலைக்கழகத்தினர், புகைப்பவர்களின் வியர்வையில்கூட அதன் சாயல் தெரிவதையும், புகையிலுள்ள அக்ரோலின் என்ற பொருள் அதற்கு ஒரு காரணம் என்பதையும் எழுதினார்கள். ஆரோக்கியமாகப் பிறந்தவரிடமே இந்த நோயின் ஒரு துண்டைப் புகை உண்டாக்குகிறது என்றால், பிறவியிலேயே வாயில் பழுதானவரிடம் எஞ்சியிருக்கும் கொஞ்ச வேலையை அது என்ன செய்யும்? இன்று பழுதான வாயிலைத் திறக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஓராண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் விலை. 3 லட்சம் டாலர் ஒரு பக்கம் இழுக்க, சில ரூபாய்ச் சிகரெட் எதிர்ப்பக்கம் இழுக்கும்.

3. மது, அதுவும் இந்த ஊரில்

சென்னை மாகாணம் 1948இல் முழு மதுவிலக்குக்குப் போனபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954இல் அந்த ஆட்சி முடிந்த பின்னும் இங்கே மதுவிலக்கு வரவில்லை. சாராயக்கடையும் கள்ளுக்கடையும் அரசு உரிமத்தோடு நடக்கும் ஊர் இது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயதாகியிருக்க வேண்டும், இங்கே 18 போதும். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் படிக்க வரும் பையனுக்கு எல்லையைத் தாண்டியதும் மூன்று வயது கூடிவிடுகிறது.

சாரத்தில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் 19 வயது இளைஞன் ஒருவனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவன் நான் உருவாக்கியவன், எந்த நோயாளியின் சாயலும் இவனிடம் இல்லை. காலையில் எழுந்ததும் உப்புநீரை நெபுலைசரில் இழுக்க வேண்டும். பிறகு சளியை வெளியேற்றும் மார்புப் பயிற்சி. சாப்பாட்டின் கொழுப்புக்குத் தக்கபடி கணைய நொதிக் கேப்ஸ்யூல். இரவில் மறுபடி நெபுலைசர். அறைத் தோழர்களிடம் ‘வீசிங்’ என்று சொல்லி வைத்திருக்கிறான், கேப்ஸ்யூலை ‘சத்து மாத்திரை’ என்று. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர்களோடு போகிறான். இரண்டு பீர், சைடு டிஷ்ஷாகச் சிக்கன் பொரியல். இதில் அவன் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதை வரிசையாகப் பார்த்தால்தான், ‘கொஞ்சமாகக் குடித்தால் என்ன?’ என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

முதல் கேடு மதுவிலிருந்து வருவதே இல்லை. எண்ணெயில் மிதக்கும் அந்தச் சிக்கனை அவன் கேப்ஸ்யூல் இல்லாமல் சாப்பிடுகிறான்; தோழர்கள் முன் டப்பாவை எடுக்கக் கூச்சம். மறுநாள் வயிற்றுவலி, எண்ணெய் மிதக்கும் மலம். பீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்கிறான்.

அடுத்தது உப்பும் நீரும். மது சிறுநீரைப் பெருக்கும். வியர்வையில் ஏற்கெனவே உப்பை இழப்பவனுக்கு, மே மாதத்தில், அது மற்றவர்களுக்கு ஆகும் இழப்பைப் போன்றதில்லை. உடல் வறண்டால் சளி இன்னும் இறுகும். அன்று இரவு நெபுலைசரும் இல்லை, மறுநாள் காலைப் பயிற்சியும் இல்லை. போதையில் இருமும் அனிச்சையும் மங்கும். இருமல்தான் இந்த நோயாளியின் துப்புரவாளர்.

சர்க்கரையும் கவனிக்கத் தக்கது. சி.எஃப். உள்ளவர்களில் பலருக்கு வளர வளர ஒரு தனிவகை நீரிழிவு வருகிறது, இன்சுலின் போடுகிறார்கள். வெறும் வயிற்றில் மது அருந்தினால் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவது தடைபடும். இன்சுலின் போட்டவன் தாழ்சர்க்கரையில் மயங்கிக் கிடந்தால் தோழர்கள் போதை என்றே நினைப்பார்கள், எழுப்பாமல் தூங்கவிடுவார்கள். நான் அஞ்சுவது எது என்று ஒன்றை மட்டும் சொல்லவேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

கணையத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான உண்மை உண்டு. சி.எஃப். உள்ள பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே கணையம் செயலிழந்துவிடுவதால் அதில் அழற்சி வர அதிகம் மிச்சமில்லை. மிதமான மரபணுப் பழுதால் கணையம் ஓரளவு வேலை செய்கிறதே, அந்த ‘நல்ல’ நோயாளிக்குத்தான் கணைய அழற்சி வரும் ஆபத்து அதிகம். அவன்தான் ‘எனக்குச் சின்னதாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு குடிக்கவும் துணிபவன்.

கல்லீரலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோயே சிலருக்குக் கல்லீரலைத் தொடுகிறது. வாயிலைத் திறக்கும் புதிய மாத்திரைகளுக்குக் கல்லீரல் எச்சரிக்கை உண்டு. காசநோய் என்று தவறாகக் கருதி ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் கொடுக்கப்பட்டவனுக்கு அந்தச் சுமையும் சேரும்.

கடைசியாக நம் மண்ணிலும் இருக்கும் ஒன்று. மீலியாய்டோசிஸ் என்ற தொற்று மண்ணிலும் தேங்கும் நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வருகிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மழைக்காலத்தை ஒட்டிப் பார்க்கிறோம். யாருக்கு எளிதில் தொற்றும் என்று பட்டியலிட்டால் நீரிழிவு, மிகைக்குடி, நாள்பட்ட நுரையீரல் நோய், சி.எஃப். என்று வரும். இந்த இளைஞன் அந்தப் பட்டியலில் நான்கு இடத்தில் நிற்கக்கூடும். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய தெருவில், குடித்துவிட்டுச் செருப்பில்லாமல் நடந்து அறைக்குப் போகிறான் என்றால், அந்த நடை எனக்குக் கவலை தரும்.

4. கஞ்சாவும் வேப்பும்

இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. கஞ்சா இலையில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருப்பது பலமுறை பதிவாகியிருக்கிறது, சி.எஃப். நுரையீரலில் அந்தப் பூஞ்சைக்கு ஒவ்வாமை பெரிய சிக்கல். பற்றவைப்பதால் பூஞ்சை முழுக்கச் சாகும் என்று நம்ப இடமில்லை. வேப் எனப்படும் மின்சிகரெட்டை 2019இல் சட்டம் தடைசெய்தது; இருந்தும் புகையே இல்லை, வெறும் ஆவி என்ற பெயரில் அது இளைஞர் கைக்கு வருகிறது. பாவனையில் நெபுலைசரைப் போலவே இருப்பதால் இந்த நோயாளிக்கு அதன்மேல் அச்சம் குறைவு.

5. குடிப்பது அவன் மட்டுமா?

ஒன்பது நாடுகளில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. அலெக்சாண்ட்ரா குவிட்னர் முன்னின்று நடத்தினார். நோயுள்ள பெரியவர்களில் 19 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறி, 32 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் அறிகுறி. பெற்றோரின் எண்கள் அதைவிட அதிகம்: மனச்சோர்வு தாய்மாரில் 37, தந்தையரில் 31. இந்த எண்களைப் படித்தபோது புதுச்சேரித் தந்தையர் பலரின் முகம் நினைவில் வந்தது. பிள்ளையின் நோய்ச் செய்தியைக் கேட்டுவிட்டு வெளியே போனவர் எங்கே போனார் என்று நாம் விசாரிப்பதில்லை. கேப்ஸ்யூலுக்கான பணம் எந்தக் கடையில் கரைகிறது என்றும் கேட்பதில்லை. ஆகவே குடி பற்றிய விசாரணை நோயாளியோடு நிற்காது. 1980 முதல் சென்னையில் போதை மீட்புப் பணி செய்துவரும் டி.டி. ரங்கநாதன் நிறுவனத்தில் சாந்தி ரங்கநாதன் தொடக்கத்திலிருந்தே குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். நம் ஊர்க் குடும்ப அமைப்பு தெரிந்தவர் செய்த வேலை அது.

மீட்புக்கு வழக்கமான ஒரு வழி, ஒத்த துன்பம் உள்ளவர்கள் கூடிப் பேசுவது. சி.எஃப். நோயாளிகளுக்கு அந்த வழி அடைபட்டது. பர்க்கோல்டேரியா போன்ற கிருமிகள் ஒருவர் நுரையீரலிலிருந்து மற்றவருக்குப் போகும் என்பதால் இந்த நோய் உள்ள இருவர் ஒரே அறையில் இருக்கக்கூடாது என்பது இன்றைய விதி. தன்னைப் போன்ற இன்னொருவரை நேரில் சந்திக்காமலே ஒருவர் வளரலாம். அவருக்குக் கிடைக்கும் நண்பர்கள் எல்லோரும் நோயற்றவர்கள். அவர்களுக்குச் சமமாக ஒரு மாலையாவது இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குக் கெட்ட பழக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும்.

6. அறையில் நாம் செய்வது

மூன்று நாற்காலி போட்ட அறை. மருத்துவர், அம்மா, நடுவில் 19 வயது. “சிகரெட், தண்ணி ஏதாவது?” என்று மருத்துவர் பொதுவாகக் கேட்கிறார். அம்மா முந்திக்கொண்டு, “அய்யோ டாக்டர், எம்புள்ள அந்தப் பக்கமே போவமாட்டான்” என்கிறார். கோப்பில் ‘இல்லை’ என்று பதிவாகிறது. அடுத்த பத்தாண்டும் அந்த ‘இல்லை’ ஒரு கோப்பிலிருந்து மறு கோப்புக்குப் படியெடுக்கப்படுகிறது.

இந்தக் கேள்வி முதன்முறையாக உண்மையான கனத்தோடு கேட்கப்படும் இடம் எது தெரியுமா? நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்கான குழு. சென்னை இதில் நாட்டின் முன்னணி நகரம். அங்கே புகையும் போதைப்பழக்கமும் தொடர்ந்தால் பெயர் பட்டியலில் ஏறுவது கடினம். சிறுநீரில் நிகோட்டினின் தடத்தைத் தேடுவார்கள். அந்தக் குழுவை நான் குறை சொல்லவில்லை, உறுப்பு அரிது. உதவுவதற்காகப் பதினைந்து வயதில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, வடிகட்டுவதற்காக முப்பது வயதில் கேட்கிறோமே, அதைத்தான் குறை சொல்கிறேன்.

பணம் உள்ள நாடுகளில் மட்டும் நடக்கக்கூடிய சீர்திருத்தம் இல்லை இது. மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கை சி.எஃப். நோயையும் பட்டியலிட்டிருக்கிறது, நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்றும் பின்னர் உயர்த்தினார்கள். மருந்து வரும் காலம் அது வரட்டும். அம்மாவைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்ல எந்தக் கொள்கையும் தேவையில்லை. பன்னிரண்டு வயதிலிருந்தே வருகையின் ஒரு பகுதியைத் தனியாக வைத்துவிட்டால், பதினெட்டில் அது புதுமையாகத் தோன்றாது. பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: இது எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வது, உங்கள் பிள்ளைமேல் சந்தேகம் இல்லை.

கேட்கும் விதமும் முக்கியம். “குடிக்கிற பழக்கம் உண்டா?” என்றால் ‘இல்லை’தான் வரும். “ஃபிரெண்ட்ஸோட வெளிய போனா என்ன சாப்பிடுவீங்க? கேப்ஸ்யூல் எடுத்துட்டுப் போவீங்களா?” என்று தொடங்கினால் சைடு டிஷ்ஷிலிருந்து கிளாஸுக்குத் தானாகவே வருவான். கஞ்சா என்றால் போலீஸ் பயம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வழக்கில் சிக்கிய அடிமையானவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. 2017 மனநலச் சட்டம் தகவலின் இரகசியத்தைக் காக்கிறது. இரண்டையும் மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

‘ஆமாம்’ என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று மாணவர்கள் கேட்பார்கள். திட்டாதீர்கள், அம்மாவைக் கூப்பிடாதீர்கள். அவன் நிறுத்தத் தயாரா என்று கேளுங்கள். சிகரெட் என்றால் 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி உதவி எண் இருக்கிறது, நிகோட்டின் சுவிங்கம் இருக்கிறது. குடியை இப்போதைக்கு நிறுத்த மாட்டான் என்றால் அன்றைக்கே நான்கு விஷயம் பேசிவிடலாம்: வெறும் வயிற்றில் வேண்டாம், கேப்ஸ்யூலை மறக்க வேண்டாம், உப்புக் கலந்த நீர் குடிக்க வேண்டும், இன்சுலின் போடுகிறவன் என்றால் கூடப் போகும் நண்பன் ஒருவனுக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். அந்த நண்பனை அடுத்த முறை அழைத்துவரச் சொல்லுங்கள். நாற்காலி ஏற்கெனவே இருக்கிறது, அம்மா உட்கார்ந்திருந்தது.

கேள்வி நேரத்தில் முதலில் செவிலிய மாணவர்கள் கேளுங்கள், கோப்பில் ‘இல்லை’ என்று எழுதப்போவது பெரும்பாலும் நீங்கள்தான்.